குதிரை ஏறிய மீனவர்

கலிலேயக் கடலில் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பம் அது. அப்பா செபதேயு. பிள்ளைகள் யாக்கோபு, யோவான். சொந்தப் படகு உண்டு, கூலிக்கு ஆளும் உண்டு. கரையில் நாலு பேர் மதிக்கிற பிழைப்புதான். ஒரு நாள் அந்த வழியாக நடந்து வந்த நாசரேத்தூர் இயேசு கூப்பிட்டார். பிள்ளைகள் இருவரும் வலையைப் போட்டது போட்டபடி, அப்பாவைப் படகிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டார்கள். இருவருமே முன்கோபிகள். தங்க இடம் கொடுக்காத ஓர் ஊரின் மேல் வானத்திலிருந்து நெருப்பை இறக்கட்டுமா என்று கேட்டவர்கள். 'இடியின் மக்கள்' என்று குருவே பட்டப்பெயர் வைத்தார். அந்தப் பட்டப்பெயர் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்து உலகத்தின் மறுகோடியில் ஒரு பெரிய வம்பைக் கிளப்பப் போகிறது.

அதற்கு முன்னால் யாக்கோபு செத்தார். கி.பி. 44 வாக்கில் ஏரோது அக்கிரிப்பா என்ற அரசன் அவரை வாளால் வெட்டிக் கொன்றான். அப்போஸ்தலர்களில் விசுவாசத்துக்காக முதலில் உயிர் விட்டவர் அவர்தான். ஆனாலும் விவிலியம் அந்தச் சாவை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அவர் வாள் எடுத்ததாக அதில் ஒரு சொல் இல்லை. குதிரை ஏறியதாகவும் இல்லை. படகோட்டிக்குக் குதிரை எதற்கு? எருசலேமில் தலை விழுந்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் ஒரு துறவிக்கு மட்டும் பல நூற்றாண்டு கழித்து ஓர் இரவில் தூக்கம் வந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கலீசியா என்ற அந்த மலைநாட்டில் பெலாயோ என்ற துறவி, காட்டுக்குள் ஓரிடத்தில் இரவுதோறும் விளக்கு எரிவது போல ஒளி தெரிவதைப் பார்த்ததாகக் கதை. ஆயர் தியோதோமிரோவிடம் போய்ச் சொன்னார். ஆயர் புதரை வெட்டித் தோண்டச் சொன்னார். பழைய கல்லறை ஒன்று கிடைத்தது. இது யாக்கோபுவின் கல்லறை என்று ஆயர் அறிவித்தார். அரசன் இரண்டாம் அல்போன்சோ ஓடோடி வந்து கோயில் கட்டினான். எருசலேமில் வெட்டுண்டவர் இங்கே எப்படி வந்தார் என்று கேட்டவர்களுக்கு, மாலுமி இல்லாத கல் படகில் அவர் உடல் தானே மிதந்து வந்தது என்று பதில் கிடைத்தது. ஊர் கொம்போஸ்தெலா ஆனது. யாக்கோபு, ஸ்பானியர் வாயில் சந்தியாகோ ஆனார். யாத்திரிகர் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகிய இடத்தில் செல்வம் சேரும். செல்வம் சேர்ந்த இடத்தைத் தேடிப் படை வரும்.

997-இல் வந்தது. தென் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம் அரசின் தளபதி அல்-மன்சூர் கொம்போஸ்தெலாவைக் கொளுத்தினார். கல்லறையைத் தொடவில்லை. கோயில் மணிகளை இறக்கி, சிறைபிடித்த கிறிஸ்தவர்களின் தோளில் ஏற்றிக் கோர்தோபா வரைக்கும் சுமக்க வைத்தார். அங்கே பெரிய மசூதியில் அந்த மணிகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டு விளக்குகளாக எரிந்தன. சொந்தக் கோயிலையே காக்க முடியாத புனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவமானத்தில் புழுங்கிய வடநாட்டாருக்கு இப்போது தேவைப்பட்டது ஜெபம் செய்கிற யாக்கோபு அல்ல. சண்டை போடுகிற யாக்கோபு.

தேவைப்பட்டதைச் செய்துகொடுக்க ஒரு எழுத்தர் இருந்தார். 12-ஆம் நூற்றாண்டில் கொம்போஸ்தெலாவில் ஒரு சாசனம் வெளிவந்தது. 9-ஆம் நூற்றாண்டில் கிளாவிகோ என்ற இடத்தில் அரசன் ராமிரோ தோற்கும் நிலையில் இருந்தபோது, வெள்ளைக் குதிரையில் சந்தியாகோ வானத்திலிருந்து இறங்கி, மூர்கள் என்று ஸ்பானியர் அழைத்த முஸ்லிம்களை வெட்டிச் சாய்த்தார். நன்றிக்கடனாக ஸ்பெயின் முழுக்க உள்ள குடியானவர்கள் ஆண்டுதோறும் கோயிலுக்குத் தானியமும் திராட்சை மதுவும் அளக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். இதுதான் சாசனத்தின் சாரம். முந்நூறு ஆண்டு யார் கண்ணிலும் படாத சாசனம்! அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் கைவிரித்துவிட்டார்கள். வரி வசூலிக்க எழுதிய பொய்ப் பத்திரம் அது. ஆனால் பத்திரத்தைவிட அதில் வந்த குதிரை வேகமாக ஓடியது. கல்லிலும் மரத்திலும் கொத்தினார்கள்: பாயும் வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள், குளம்புக்கடியில் மிதிபடும் மூர்கள். 'மூர்களைக் கொன்றவர்' என்றே பட்டம் ஆயிற்று. 1236-இல் கோர்தோபாவைப் பிடித்த அரசன் மூன்றாம் பெர்னாண்டோ, அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொம்போஸ்தெலாவுக்கே திருப்பி அனுப்பினான். கணக்கு நேரானது. குதிரை மட்டும் நிற்கவில்லை.

அது கடல் தாண்டியது. 1519-இல் மெக்சிகோவில் ஸ்பானியத் தளபதி கோர்த்தேசின் படை முதல் பெரிய சண்டையை வென்றபோது, சந்தியாகோவே குதிரையில் வந்தார் என்று ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். அந்தச் சண்டையில் நின்ற படைவீரர் பெர்னால் தியாஸ் கிழவரான பிறகு இதைப் படித்துவிட்டுக் குறும்பாக ஒரு பதில் எழுதினார். தான் பார்த்தது பிரான்சிஸ்கோ தெ மோர்லா என்கிற சக வீரரை மட்டும்தான் என்றும், பாவியான தனக்கு அப்போஸ்தலரைப் பார்க்கிற பாக்கியம் இல்லாமல் போயிருக்கலாம் என்றும். நேரில் நின்றவர் சொன்ன உண்மையை யாரும் சட்டை செய்யவில்லை. மூர்களைக் கொன்றவர் இப்போது செவ்விந்தியர்களைக் கொல்கிறவராகப் புது உருவம் எடுத்தார். குளம்புக்கடியில் கிடந்தவனின் தலைப்பாகை போய், இறகு முடி வந்தது.

பெருவில்தான் விஷயம் கைமீறியது. 1536-இல் கூஸ்கோ நகரில் இன்கா படை ஸ்பானியரை முற்றுகையிட்டபோது, இடி முழக்கத்தோடு சந்தியாகோ இறங்கினார் என்று ஸ்பானியர் சொன்னார்கள். கேட்ட இன்கா மக்களுக்கு ஆச்சரியமே இல்லை. வெளிச்சம், முழக்கம், வானத்திலிருந்து பாய்ச்சல்... அவர்களுக்குத்தான் ஏற்கனவே இல்லாப்பா என்று ஒரு மின்னல் தெய்வம் இருந்ததே! 'இடியின் மகன்' என்று பாதிரிகளே பிரசங்கத்தில் சொல்லித் தொலைத்தது எரிகிற கொள்ளியில் எண்ணெய். தங்களை மிதிக்க வந்த குதிரைக்காரரைத் தங்கள் தெய்வமாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் சந்தியாகோ என்று பெயர் வைத்தார்கள். இல்லாப்பாவுக்குத்தான் பெயர் வைக்கிறார்கள் என்பது பாதிரிகளுக்கு மெதுவாக உறைத்தது. சிலை ஒழிப்புக்கு வழிகாட்டியாக 1621-இல் அரியாகா என்ற சேசு சபைக் குரு எழுதிய நூல், செவ்விந்தியக் குழந்தைகளுக்கு அந்தப் பெயரே கூடாது, தியேகோ என்று வைத்துக்கொள்ளட்டும் என்கிறது. சொந்தப் புனிதரின் பெயரையே திருச்சபை தடை செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் புனிதரே வேறொரு கப்பலில் கிழக்கே போய்ச் சேர்ந்து எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிழக்கே அவர் வந்த கதையிலும் ஒரு குதிரை உண்டு. குதிரை தமிழ் மண்ணில் பிறந்து பெருகுகிற பிராணி அல்ல. அரபு நாட்டிலிருந்து கப்பலில் இறங்க வேண்டும். பாண்டிய நாட்டு அரசர்கள் குதிரைக்குக் கொட்டிய பணத்தைப் பார்த்து 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவே வாய் பிளந்திருக்கிறார். 1535 வாக்கில் குமரிமுனைப் பக்கம் குதிரை விற்க ஒரு மலையாளத்துச் செட்டியார் வந்தார். இளம் வயதில் சாமூதிரி மன்னர் அவரை லிஸ்பனுக்கு அனுப்ப, அங்கே ஞானஸ்நானம் பெற்று ஜோவா த குரூஸ் என்ற பெயரோடு திரும்பியவர். கையில் கடன், தொழில் குதிரை வியாபாரம். அவர் வந்த நேரம், முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் வெட்டுக்குத்து. பரதவர்கள் ஒடுங்கிப் போயிருந்தார்கள். போர்த்துக்கீசியரைக் கூப்பிடுங்கள், அவர்கள் வேதத்தில் சேருங்கள், கப்பல் வரும் என்று யோசனை சொன்னார் குதிரைக்காரர். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டுக்குள் முத்துக்குளித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் வார்த்துக்கொண்டார்கள். கடனாளி ஒருவரின் யோசனையில் ஒரு கடற்கரையே மதம் மாறியது.

கப்பலும் வந்தது. 1538-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல் படையை மார்த்திம் அபோன்சோ தெ சூசா முறியடித்தார். போர்த்துக்கீசியருக்குத் தமிழ்நாட்டு முஸ்லிமும் மூர்தான். சண்டைக்குப் பாயும்போது அவர்கள் வாயில் வந்ததும் 'சந்தியாகோ' என்ற முழக்கம்தான். 1542-இல் சவேரியார் கரை இறங்கினார். 1544-இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய நூற்றுக்கணக்கானவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வெட்டிக் கொன்றான். 1549-இல் அதே வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு ஈட்டிக்கு இரையானார். வேதாளைக்கு எதிரே கடலைத் தாண்டினால் ராமேசுவரம் தீவு. அங்கே தங்கச்சிமடம் வேர்க்காட்டில் இருக்கும் யாக்கோபுவின் கோயில் அந்த 1540-களிலேயே தோன்றியது என்று கணக்கு வைத்துத்தான் ஊரார் ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு எண் போடுகிறார்கள். கடற்கரை மீனவர்களுக்குக் காவலாக, கடற்கரையில் பிறந்த மீனவரே வந்து சேர்ந்தார். அதோடு நின்றிருந்தால் பொருத்தம் பேஷ் என்று கதையை முடித்துவிடலாம். அவரோ தண்ணீரே இல்லாத பக்கமாகக் குதிரையைத் திருப்பினார்.

தீவிலிருந்து மேற்கே ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி தாண்டித் திருச்சுழி, அருப்புக்கோட்டை வரைக்கும் வானம் பார்த்த பூமி. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழித்துப் பாதாளத்துக்கு அனுப்பிய தலம் திருச்சுழி என்று புராணம். அன்றைக்கு அனுப்பிய தண்ணீர் திரும்பி வரவில்லை போலிருக்கிறது. ஊரை ஒட்டிய குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையென்றால் கம்பு, சோளம், பருத்தி, மிளகாய். கண்மாய்தான் உயிர் என்பதால் காவலும் கண்மாய்க்கரையில்தான். அங்கே ஐயனார் இருந்தார். குதிரைகளோடு இருந்தார்.

அந்தக் குதிரைகள் உருவாகிற விதத்தைப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும். மழை வேண்டியோ நோய் தீரவோ ஊர் கூடிப் புரவி எடுப்பது என்று முடிவு செய்யும். கண்மாயிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கும் காசும் வைத்து வேளார் கையில் கொடுப்பார்கள். பிடிமண் வாங்கினால் வேளார் விரதம். மண்ணை மிதித்து, வைக்கோலும் மணலும் கலந்து, முதலில் உருளை உருளையாக நாலு காலை நிறுத்துவார். அது கொஞ்சம் இறுகிய பிறகு வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் பல் தெரியச் சிரிக்கும் முகம். உள்ளே முழுக்கக் கூடு. சூளையில் வேகும்போது வெடித்தால் ஊருக்கு ஆகாது என்று எல்லாருக்கும் அடிவயிற்றில் பயம். வெந்த குதிரைக்குக் கண் திறந்து, மாலை போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு ஐயனார் கோயிலுக்கு நடப்பார்கள். சுதைக் குதிரை என்றால் இன்னும் பெரிது; தூக்கிய முன்னங்கால்களைக் கீழிருந்து பூதகணங்கள் தாங்கிப் பிடித்திருக்கும். கையில் அரிவாளோடு கருப்பு பக்கத்திலேயே நிற்பார். இரவில் குதிரை ஏறி எல்லை சுற்றுகிற வீரன் இந்தச் சீமைக்குப் புதிய சேதியே அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் வெளியூர்க் குதிரைக்காரர் எந்தத் தைரியத்தில் நுழைவது?

வழியைத் திறந்தது ஒரு வெட்டு. லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜோவா தெ பிரித்தோ, காவி கட்டி, அருளானந்தர் என்ற பெயரில் மறவர் நாட்டுக்குள் நடந்தார். 1686-இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, விடுவிக்கப்பட்டு ஐரோப்பா போனவர். போன இடத்தில் சும்மா இருக்காமல் திரும்பி வந்தார். தீராத நோயில் கிடந்த தடியத் தேவர் குணமாகி வேதத்தில் சேர விரும்பினார். ஒரு மனைவிதான் இருக்கலாம் என்றார் அருளானந்தர். தேவர் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் கடலை என்ற இளையவள் மறவர் நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. மதத்தை வேரோடு வெட்டிவிட்டதாக நினைத்திருப்பார்கள். நடந்தது தலைகீழ்.

இந்த வட்டாரத்தில் நியாயமில்லாமல் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் செத்தவர்களாக இருப்பதில்லை. அவர்களுக்குக் கல் நடப்படும், படையல் விழும், இரண்டு தலைமுறையில் சாமி. வெட்டிய அரிவாள் எதுவோ அதே அரிவாளை அந்தச் சாமியின் கையில் கொடுத்து ஊருக்குக் காவலாக நிறுத்திவிடுவார்கள். ஓரியூர் மணல் சிவந்திருப்பது அவர் இரத்தத்தால்தான் என்றார்கள் சனங்கள். சாதி மதம் பார்க்காமல் வந்து அந்தச் செம்மண்ணை அள்ளிப் போனார்கள், முடி இறக்கினார்கள், கிடாய் வெட்டிச் சோறு போட்டார்கள். ரோமாபுரி 1853-இல் முக்திப்பேறு பட்டமும் 1947-இல் புனிதர் பட்டமும் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே ஓரியூர் அவருக்குப் பட்டம் கட்டிவிட்டது. வெட்டுப்பட்ட ஒருவருக்கு இப்படி இடம் கிடைத்த நாட்டில், எருசலேமில் வெட்டுப்பட்டவருக்கும் இடம் இருக்கத்தானே செய்யும்?

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலில் இன்னொரு கொடுமையான பயணம் நடந்துகொண்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட மனிதர்களைக் கப்பலிலிருந்து இறக்கியதும் தண்ணீர் வார்த்துக் கிறிஸ்தவர் ஆக்கினார்கள். ஹெயிட்டியில் அவர்கள் கையில் சந்தியாகோ படம் வந்தது. வாளோடு குதிரையில் ஒருவர், பின்னால் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூட்டிய வீரன். இரும்புக்கும் போருக்கும் அவர்களுக்கு ஓகூ என்று ஒரு தெய்வம் இருந்தது. ஓகூ அந்தக் குதிரையில் ஏறிக்கொண்டார். 1791-இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுக்காரரைத் துரத்த, சர்க்கரைச் சந்தை பக்கத்துக் கியூபாவின் கைக்குப் போனது. கரும்பு வெட்ட ஆள் போதவில்லை. அந்நேரம் பார்த்து ஆப்பிரிக்காவில் ஓயோ பேரரசு சிதைந்துகொண்டிருந்தது. பிடிபட்ட யோருபா மக்கள் ஆயிரமாயிரமாகக் கியூபாவில் இறக்கப்பட்டார்கள். சந்தெரியா என்று இன்று உலகம் அழைக்கும் வழிபாடு அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கும் துறைமுக நகரங்களுக்கும் நடுவே உருவானது.

அந்த வழிபாட்டின் வீட்டுப் பீடங்களில் கத்தோலிக்கச் சுரூபங்கள் நின்றன. இடி மன்னன் சாங்கோவுக்குப் புனித பார்பரா என்ற கன்னிப்பெண்ணின் சுரூபம்! ஆணுக்குப் பெண்ணா என்றால், அவள் உடுப்பு சிவப்பு, கையில் வாள், அவளை வெட்டிய தகப்பன் மின்னல் தாக்கிச் செத்தான். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? அம்மை நோயின் அதிபதி பாபலு ஆயேவுக்குப் புண்ணும் ஊன்றுகோலும் நாய்களுமாக லாசர். இந்த லாசர் புனிதரே அல்ல. இயேசு சொன்ன உவமைக் கதையில் வரும் பிச்சைக்காரர். ஹவானாவுக்கு வெளியே எல் ரிங்கோன் கோயிலில் திருச்சபை வைத்திருப்பது ஆயர் உடையில் இருக்கும் வேறு லாசரை. டிசம்பர் 17-இல் முழங்காலால் நகர்ந்து வருகிற கூட்டம் மனசுக்குள் தேடுவதோ ஊன்றுகோல்காரரை. எசமானுக்குப் பயந்து சாமியைச் சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. 1886-இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் சுரூபங்களை யாரும் தூக்கிப் போடவில்லையே. ஆனால் ஒன்று: சாமியின் சக்தி இருக்கும் இடம் சுரூபம் அல்ல. மூடி போட்ட பீங்கான் சூப்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் ஆற்றுக் கற்கள்தான் ஒரிஷா என்கிற தெய்வம். பலியும் படையலும் கல்லுக்கு. சுரூபம் பார்வைக்கு.

கல்லுக்குப் படைக்கும் பழக்கமுள்ள ராமநாதபுரத்துச் சீமையில் என்ன ஆயிற்று? 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. குருமார் இல்லாத நீண்ட ஆண்டுகளில் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான் கோயில்களைக் காத்தார்கள். 1838 வாக்கில் பிரெஞ்சுச் சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் நாட்டில் அப்போது ஒரு தொழில் கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்திருந்தது. பாரீசில் சென் சுல்பிஸ் கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில், ஒரே அச்சில் வார்த்து வண்ணம் தீட்டிய பிளாஸ்டர் சுரூபங்கள் வரிசை வரிசையாக விற்றன. மரத்தில் ஒரு புனிதரைச் செதுக்க மாதக்கணக்கு ஆகும். அச்சில் வார்க்க ஒரு நாள். விலையும் மலிவு. அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆசியாவுக்கும் வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் அவை கப்பல் ஏறின. மானாமதுரை அருகே இடைக்காட்டூரில் 1894-இல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக் குரு எழுப்பிய திரு இருதய ஆலயத்தில் பிரான்சிலிருந்து வந்த சுரூபங்களை இன்றும் பார்க்கலாம். கலை ரசிகர்கள் இந்தச் சுரூபங்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எல்லாம் ஒரே மூஞ்சி, கன்னத்தில் ரோஸ் பவுடர் என்பார்கள். சனங்களுக்கு அது ஒரு குறையாகப் படவே இல்லை. அவர்கள் பார்த்தது முகத்தை அல்ல.

அவர்கள் பார்த்தது குதிரையை. வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள். ஸ்பானியச் சந்தியாகோவோடு அப்பரைச் சேர்த்து, சந்தியாகப்பர். ராமநாதபுரம் வறண்ட சீமையின் கத்தோலிக்க ஊர்களில் சப்பரத்தில் ஏறி வரும் அந்தச் சுரூபத்தைப் பார்க்கிறவர்கள் யாரும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. ஊர்ச் சாமி. அவ்வளவுதான். கொடியேற்றம், நவநாள், உப்பும் மிளகும் கொட்டுகிற நேர்ச்சை, மொட்டை, கிடாய், கடைசி நாள் இரவு தேர்ப்பவனி. கூடவே சின்னச் சப்பரங்களில் மிக்கேல் சம்மனசு, அம்மைக்குச் செபஸ்தியார், மாதா. குதிரைக்கடியில் மிதிபடும் உருவத்தை முதன்முதலில் இந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்திருந்தால், ஐயனார் குதிரையின் முன்னங்காலைத் தாங்கும் பூதம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். கிளாவிகோவும் பொய்ப் பத்திரமும் அவருக்குத் தேவையில்லை. வெட்டுப்பட்ட ஆள் வாளோடு குதிரையில் திரும்பி வருவார் என்பதை நிரூபிக்க ஸ்பானியர் சாசனம் எழுத வேண்டியிருந்தது; திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிக்கு அது தெரிந்த விஷயம்.

கியூபாவோடு ஒப்பிட்டால் இங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. சுரூபத்துக்குப் பின்னால் வேறு சாமி இல்லை. சுரூபமே ஊருக்குள் வந்து, ஊர்ச் சாமிகளுக்கு உள்ள கடமைகளையும் உரிமைகளையும் ஏற்றுக்கொண்டது. உரிமை என்றால் வில்லங்கமும் சேர்த்துத்தான். டேவிட் மோஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1980-களில் ராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, சந்தியாகப்பர் வழிபாட்டை மையமாக வைத்து எழுதிய நூல் 2012-இல் வெளிவந்தது. ஊரின் பெயரை மாற்றித்தான் எழுதினார். அதற்குக் காரணம் இருந்தது. சப்பரத்துக்கு முன்னால் யாருக்கு முதல் மரியாதை, யார் எங்கே நிற்பது, யார் எதைத் தொடுவது என்று சாதிக்குச் சாதி நடந்த தகராறுகள் அந்த நூலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கிறிஸ்துவின் சீடர் வந்தார், சாதியை விரட்டினார் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. ஐயனாரிடம் கேட்ட பரிவட்டத்தைச் சந்தியாகப்பரிடமும் கேட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் அவர் முன்னாலும் போராடித்தான் இடம் பெற வேண்டியிருந்தது. குதிரையைக் கொடுத்த மண் அழுக்கையும் சேர்த்தே கொடுத்தது.

கொம்போஸ்தெலாவில் மட்டும் அந்தக் குதிரை ஒரு சங்கடமாகிவிட்டது. பேராலயத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஹோசே காம்பினோ செதுக்கிய சிலை ஒன்று இருக்கிறது. வெட்டுண்ட மூர்களின் தலைகள் கீழே உருண்டு கிடக்கும். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இந்தச் சிலையை எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதாக ஆலயம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. சிலை அங்கேயே நின்றது. மூர்களின் தலைகளைப் பூ அடுக்கி மறைத்தார்கள்.

அவருடைய திருநாள் ஜூலை 25. அன்றைக்கு ஹெயிட்டியின் பிளேன்-து-நோர் ஊரில் ஓகூவுக்காகச் சேற்றுக் குளத்தில் இறங்குவார்கள். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் அதே திருநாளுக்குக் கொடி ஏறித் தேர் ஓடும். கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிற நல்லிணக்க விழா என்று ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மூர்களைக் கொல்வதற்காகக் குதிரையில் ஏற்றப்பட்டவரின் விழாவுக்கு, மரக்காயர் கப்பல் படை தோற்ற வேதாளைக் கடலுக்கு எதிர்க்கரையில், முஸ்லிம்கள் வேண்டுதலோடு வருகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பத்திரம் எழுதியவர் எதிர்பார்க்காதது இது ஒன்றுதான்.